இன்ஜின் இறங்கிய தோள்

படகு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. ஆனால் இன்ஜினைச் சுமப்பது மட்டும் அண்ணன் ஒருவனுக்கே எழுதி வைத்தது போலத்தான் இத்தனை வருஷமும் நடந்து வந்தது. கரையில் விட்டுவைத்தால் காலையில் இருக்காது. அப்படிக் காணாமல் போன இன்ஜின்களைப் பற்றி அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு கதை உண்டு. அதனால் படகு மணலில் ஏறியதும், பின்பலகையில் மாட்டியிருக்கும் இன்ஜினைத் திருகு தளர்த்திக் கழற்றித் தோளில் ஏற்றிக்கொள்வான் பெரியவன். கணுக்கால் புதையப் புதைய மணலில் நடந்து, தெருவுக்குள் நுழைந்து, வீட்டுக் கதவுக்குப் பின்னால் அதைச் சாய்த்துவைத்த பிறகுதான் மூச்சு விடுவான். மறுநாள் விடியும் முன் அதே இன்ஜின் அதே தோளில் திரும்பப் போகும்.

தம்பியின் வேலை கடலுக்குள். இன்ஜினின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படகின் பின்பக்கம் நிற்பான். ஒல்லியான உடம்பு. பெரிய அலை எழும்பி வரும்போது அவன் இடுப்பை ஒடித்துச் சாய்ந்தால் படகும் கூடவே சாய்ந்து வழி கண்டுபிடித்துவிடும் என்று மற்ற படகுக்காரர்கள் சொல்வார்கள். அதனால் படகைத் திருப்பும் சுக்கானின் பெயரே அவனுக்கு விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்கமாட்டான்.

வீடு ஒன்று, அடுப்பு ஒன்று. பெரியவனின் மனைவியைத் தெருவில் பெரியவள் என்றும், சுக்கானின் மனைவியைச் சின்னவள் என்றும் சொன்னார்கள். பெரியவள் கரையில் நிற்பாள். படகு வந்ததும் கூடையோடு இறங்கி, மீனைப் பிரித்து, விலை பேசி, வியாபாரிகளின் வாயை அடைத்து விற்று முடிப்பது அவள் பொறுப்பு. அவள் குரல் கேட்டால் விலையைக் குறைத்துக் கேட்க வந்தவன் அடுத்த படகைப் பார்த்து நகர்ந்துவிடுவான். சின்னவள் வீட்டைப் பார்த்துக்கொள்வாள். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இருந்ததில்லை, பெரியவனின் தோளைத் தவிர.

அந்தத் தோளில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. தோல் கறுத்துத் தடித்து, தொட்டால் மரப்பட்டை போல் இருக்கும். உள்ளே எலும்பு தேய்ந்துபோய், கையை மேலே தூக்கிச் சட்டை போட முடியவில்லை. அந்தப் பக்கமாகப் புரண்டு படுத்தால் தூக்கத்திலேயே முனகுவான். பெரியவள் வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுப்பாள். எண்ணெய் தேய்ப்பாள். தேய்க்கும்போதே திட்டுவாள். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனதற்கு, "இனிமே இந்தத் தோள்ல ஒரு துண்டுகூடப் போடாதீங்க" என்று அவர் சொன்னார். வெளியே வந்து பெரியவன் சிரித்தான்.

"துண்டு போடாம இருந்துடலாம். இன்ஜினை எங்க போடறது?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் வலி அவள் மனசுக்குள் போய் வேறு ஏதோவாக மாறிக்கொண்டிருந்தது. யாராவது ஒருவர் மேல் கோபப்பட்டால்தான் தணியும் போலிருந்தது.

அப்போதுதான் டீசல் மெக்கானிக் ஒருவர் மீன் வாங்க வந்தார். துறைமுகத்துப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர். பேச்சுவாக்கில் அவள் தோள் கதையைச் சொல்ல, அவர் கூடையில் மீனைப் புரட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"இன்ஜினைப் படகுக்குள்ளயே உக்கார வச்சிடலாம்க்கா. இந்தக் காலத்துல யாரு இன்னும் தோள்ல சுமக்கறாங்க? வயித்துல இன்ஜின், கீழ தண்ணியைத் தள்ற விசிறி, பின்னாடி சுக்கான். யாரும் கழட்ட வேண்டாம், மாட்ட வேண்டாம்."

"திருடிட்டுப் போயிட்டா?"

"திருடறவன் படகையே தூக்கிட்டுப் போனாத்தான் உண்டு."

அன்று அவருக்கு எடையில் நிறையவே சேர்த்துப் போட்டாள் பெரியவள்.

ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சை எடுத்தாள். பெரியவன் முதலில் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று நழுவினான். அவள் விடவில்லை. நாள்தோறும் சொன்னாள். பழைய இன்ஜினை விற்றுவிடலாம், தன் கழுத்தில் கிடப்பதை அடகு வைத்து மிச்சத்தைச் சமாளிக்கலாம் என்று எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். கடைசியில் ஒருநாள் அவன் தலையாட்டியபோது, அதுவரை வாயைத் திறக்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த சுக்கான் நிமிர்ந்தான்.

"அண்ணி, நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லேன் தம்பி."

"உள்ள இன்ஜின் வச்சா விசிறி அடியில தொங்கும். அதை மேல தூக்க முடியாது. இப்ப கரைக்கு வர்றப்ப நான் என்ன பண்றேன்? கடைசி அலையில இன்ஜினைச் சாய்ச்சுத் தூக்கிடறேன், படகு வழுக்கிக்கிட்டு மணலுக்கு வந்துடுது. அதுல அது நடக்காது. முதல் நாளே விசிறி மணல்ல மோதும், அதைச் சுத்தற ஷாப்ட் வளைஞ்சிடும்."

"துறைமுகத்துல கட்டிக்கலாம்னு மெக்கானிக் சொன்னாரு."

"துறைமுகம் கடலுக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கற முனைக்கு அந்தப் பக்கம் இருக்கு. இங்கேருந்து பஸ் ஏறிப் போகணும். படகு அங்க, வீடு இங்கன்னு ஆயிடும். அங்க ஏலக்காரங்க இருக்காங்க, அவங்கதான் விப்பாங்க. நீங்க அங்க போய்க் கூடையைத் தூக்கிட்டு நிக்க முடியாது."

"என் கூடையைப் பத்தி நான் கவலைப்பட்டுக்கறேன். உங்க அண்ணன் தோளுக்கு என்ன வழி? அதைச் சொல்லு."

சுக்கான் தயங்கினான். "ஒரு கழியில கட்டித் தொங்கவிட்டு, நானும் அண்ணனும் ஆளுக்கொரு முனை தூக்கினா..."

"இத்தனை வருஷமா அந்தக் கழி எங்க போயிருந்துச்சு?"

அவன் கை சோற்றிலேயே நின்றது. அண்ணனைப் பார்த்தான். பெரியவன் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுப்படியில் நின்ற சின்னவள், "அக்கா" என்று மெல்லக் கூப்பிட்டாள். அது பெரியவளின் காதில் விழவில்லை. இத்தனை நாளும் ஒத்தடத் துணியைப் பிழிந்து பிழிந்து அடக்கிவைத்தது எல்லாம் நாக்குக்கு வந்துவிட்டது.

"உனக்கு என்னப்பா. பின்னாடி நின்னு கைப்பிடியைப் பிடிச்சா உன் வேலை முடிஞ்சுது. கரைக்கு வந்ததும் வலையை உதறிப் போட்டுட்டுக் கையை வீசிக்கிட்டு வந்துடறே. கல்யாணமும் ஆச்சு, இன்னும் உங்க அண்ணன் தோள்மேலதான் உக்காந்திருக்கே. இறங்குன்னு சொன்னா கசக்கத்தான் செய்யும்."

 சொன்ன மறுகணமே அது அதிகப்படி என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அவள் கணவன் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் சும்மா இருந்ததால், தான் சொன்னது உண்மைதான் என்று நினைத்துக்கொண்டாள்.

சுக்கான் கையைக் கழுவிவிட்டு வந்தான். முகத்தில் கோபம் இல்லை. "அண்ணன் தோள் நல்லாகணும், அவ்வளவுதான் எனக்கும். வேலையை ஆரம்பிச்சிடலாம் அண்ணி" என்றான்.

மெக்கானிக்கின் பட்டறைக்குப் பக்கத்தில் படகை ஏற்றிக் கட்டைகளின் மேல் நிறுத்தினார்கள். வேலை நடந்த நாளெல்லாம் சுக்கான் அங்கேயே கிடந்தான். பெரியவள் சோறு கட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் பார்ப்பாள், படகுக்குள் இடுப்பு வரை மறைந்து ஏதாவது தேய்த்துக்கொண்டோ இழைத்துக்கொண்டோ இருப்பான். வெயில் தகரக் கூரையைத் துளைத்துக்கொண்டு இறங்கும். மரத்தூளும் பிசின் வாடையும் தொண்டையைக் கரகரக்க வைக்கும்.

முதலில் படகின் வயிற்றில் கனமான இரண்டு மரக்கட்டைகளை நீளவாக்கில் பதித்தார்கள். இன்ஜின் உட்காருவதற்கான இருக்கை அது. பிறகு அங்கிருந்து பின்பக்கத்து அடிமரம் வரை ஒரு நூலை இழுத்துக் கட்டினார் மெக்கானிக். அந்த நூல் போகும் வழியில்தான் துளை விழவேண்டும். நீளமான துளைக் கம்பியை அவர் பிடிக்க, சுக்கான் கண்ணை ஒருக்களித்து நூலைப் பார்த்து, "மேல... கொஞ்சம் இடது... இப்ப சரி" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பெரியவன் தள்ளி நின்றான். நல்ல மரத்தில் ஓட்டை போடுவதை அவனால் பார்க்க முடியவில்லை. பீடி குடிக்கப் போகிறேன் என்று நழுவியவன் துளை விழுந்த பிறகுதான் வந்தான்.

துளைக்குள் பித்தளைக் குழாய், குழாய்க்குள் ஷாப்ட். தண்ணீர் உள்ளே வராமல் இருக்கக் கொழுப்பில் ஊறிய கயிற்றைச் சுற்றி இறுக்கினார் மெக்கானிக்.

"ரொம்ப இறுக்கக் கூடாது. ஓடறப்ப ஒரு சொட்டு ரெண்டு சொட்டு உள்ள வரணும். வரலேன்னாத்தான் பயப்படணும், ஷாப்ட் சூடாயிடும்."

"படகுக்குள்ள தண்ணி வந்தா நல்லதுன்னு சொல்ற முதல் ஆள் நீங்கதான்" என்றான் சுக்கான். எல்லோரும் சிரித்தார்கள்.

இன்ஜினை இறக்கிய அன்று சங்கிலி கிறீச்சிட்டது. கட்டைகளின் மேல் உட்கார்ந்த பிறகும் இன்ஜினும் ஷாப்டும் நேர்கோட்டில் சேரவில்லை. மயிரிழை தப்பினால்கூட ஆட்டம் எடுத்துவிடும் என்று மெல்லிய தகடுகளைச் சொருகியும் உருவியும் பொழுது சாயும்வரை மல்லுக்கட்டினார்கள். இன்ஜினின் கனம் நடுவில் வந்துவிட்டதால் மீன் பெட்டியைப் பின்னால் தள்ள வேண்டியிருந்தது. பழைய இன்ஜினை மாட்டுவதற்காகப் பின்பலகையில் வெட்டியிருந்த பள்ளத்தைப் பலகை வைத்து அடைத்தார்கள். சுக்கான் கால் ஊன்றி நின்ற இடத்தின் மேல் மீன் பெட்டி வந்து உட்கார்ந்தது. அந்தப் பலகையை இழைத்து ஆணி அடித்தவனும் அவன்தான்.

கடைசியாக ஓர் இரும்புத் தகட்டைத் தூக்கிக் காட்டினார் மெக்கானிக். "இதுதான் சுக்கான். பின்னாடி தண்ணிக்குள்ள இருக்கும். நடுவுல உக்காந்து சின்னச் சக்கரத்தைத் திருப்பினாப் போதும்."

எல்லோருடைய பார்வையும் தன் மேல் விழுந்ததை உணர்ந்து அவனே முதலில் சிரித்தான். "அப்ப நான் வேற பேரு பார்த்துக்கறேன்."

படகு தண்ணீரில் இறங்கி ஓடிய முதல் ஓட்டத்தில் அண்ணனோடு அவனும் இருந்தான். ஒரு குலுக்கல் இல்லை, ஓர் இடறல் இல்லை. கனமான சத்தத்தோடு முனைவரை போய்த் திரும்பித் துறைமுகத்துக்குள் நுழைந்தது. கயிற்றைக் கட்டி முடித்துவிட்டுக் கரையில் குதித்தவன், "அண்ணா, நான் வேற படகுல ஏறிக்கறேன். இதுக்கு டிரைவர் ஒருத்தன் போதும்" என்றான். பெரியவன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் பஸ்ஸைப் பார்த்து நடந்துவிட்டான். அந்த மாசமே தெருவின் மறுகோடியில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்துச் சின்னவளோடு போய்விட்டான். சண்டை ஒன்றும் இல்லை. சின்னவள் போகும்போது பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்து, அடுப்படியைத் துடைத்துவிட்டுத்தான் போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சுக்கான் சொன்னபடியே நடந்தது. படகு கரைக்கு வரவில்லை. பெரியவன் டிரைவர் ஒருவனை வைத்துக்கொண்டு பெரும்பாலும் துறைமுகத்திலேயே தங்கினான். கடலுக்குப் போகாத நாளில் பஸ் ஏறி வருவான், துணி மாற்றுவான், சாப்பிடுவான், தூங்குவான், போய்விடுவான். மீனை ஏலக்காரர் விற்றார். பெரியவள் பழக்கத்தை விட முடியாமல் காலையில் கரைக்குப் போய் நின்றாள். மற்றவர்களுடைய படகில் மீன் வாங்கி மற்ற பெண்களைப்போல் விற்றாள். விலை சொல்லும் இடத்தில் இருந்தவள் விலை கேட்கும் இடத்துக்கு வந்துவிட்டாள். சில நாள் சுக்கான் ஓட்டும் படகும் கரையேறும். "அண்ணி, நல்லாருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு அவன் வலையைப் பார்க்கக் குனிந்துகொள்வான்.

ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. கடலில் யாரும் இறங்கவில்லை. பெரியவன் வீட்டுக்கும் வரவில்லை. பெரியவள் சோறும் குழம்பும் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

துறைமுகத்தில் படகுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. அவர்களுடைய படகின் தார்ப்பாய்க்குக் கீழே பெரியவன் தூங்கிக்கொண்டிருந்தான். அந்தத் தோளை அடியில் வைத்து, அந்தப் பக்கமாகவே ஒருக்களித்துப் படுத்திருந்தான். ஒரு முனகல் இல்லை. அவள் எழுப்பாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதற்குத்தானே இவ்வளவும் என்று தோன்றியது.

எழுந்தவன் கையை உயர்த்திச் சோம்பல் முறித்தான். இன்ஜின் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினான். துடைத்து வைத்த பாத்திரம் போல் பளபளத்தது. உட்கார்ந்து சாப்பிட்டான். மழை தார்ப்பாயில் தட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி எப்படி இருக்கான்?" என்று கேட்டான்.

"இருக்கான். அடுத்தவன் படகுல." அவளுக்குள் எதுவோ பொத்துக்கொண்டது. "வீட்டுல பேச ஆள் இல்ல. சுவரைப் பார்த்துக்கிட்டுச் சாப்பிடறேன். அவன் மட்டும் ஒருநாளாவது, அண்ணா நான் தூக்கறேன்னு சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா? இந்தப் பேச்சே வந்திருக்காது."

பெரியவன் சோற்றை அளைந்தான். பிறகு, "சொன்னான்" என்றான். 

"என்ன சொன்னான்?"

"நான் தூக்கறேன்னு. ஒருதரம் இல்ல, எத்தனையோ தரம். ஒரு தடவை கழி வெட்டி, உரிச்சு, தோள்ல உறுத்தாம இருக்க இழைச்சே கொண்டு வந்தான். ரெண்டு பேரும் தூக்கலாம்னான். நான்தான் அதை விறகுல போட்டேன். உன் அடுப்புலதான் எரிஞ்சுது."

அவள் கையிலிருந்த பாத்திர மூடியைக் கீழே வைத்தாள். 

"ஏன்?"

"என்னமோ போ. இன்ஜினைத் தோள்ல வச்சுக்கிட்டுத் தெருவுக்குள்ள வந்தா நாலு பேரு ஒதுங்கி வழிவிடுவாங்க. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ரெண்டு பேரு கழியில தூக்கிட்டு வந்தா என்னைக் கிழவன்னு நினைப்பாங்கன்னு தோணிச்சு."

"அன்னைக்குச் சாப்பிடறப்ப வாயைத் திறந்திருக்கலாம்ல? நான் அந்தப் பேச்சுப் பேசறேன், கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்களே!"

"நீ எனக்காகப் பேசினே. அவன் முன்னாடி உன்னை எப்படி விட்டுக்கொடுக்கறது?" அவன் குரல் தாழ்ந்தது. "அவன் சொல்லுவான், சொல்லட்டும்னு பார்த்தேன். அவனும் சொல்லல. என்னை விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னு நினைச்சிருப்பான்."

பக்கத்துப் படகில் ஏதோ கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக்கை அவள் கூப்பிட்டாள். குரல் கரையில் விலை பேசும் குரலாகவே வந்தது.

"இதைப் பழையபடி மாத்த முடியுமா?"

மெக்கானிக் அவளை விநோதமாகப் பார்த்தார். "முடியும்க்கா. ஓட்டையை அடைக்கலாம், பின்பலகையைத் திரும்ப வெட்டலாம். ஆனா எதுக்கு? ஒரு குறை சொல்ல முடியாத ஓட்டம். இந்தத் துறைமுகத்துலயே உங்க வேலைதான் சுத்தமா அமைஞ்சது. நூல் பார்த்துச் சொன்ன தம்பியோட கண்ணு அப்படி."

பெரியவன் எழுந்து தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரை இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கித் தள்ளிவிட்டான். தண்ணீர் ஒரே வீச்சில் கடலில் விழுந்தது. அவள் அதற்குமேல் மெக்கானிக்கிடம் ஒன்றும் கேட்கவில்லை. பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. ஈரப் புடவையோடு தெருவின் மறுகோடிக்கு நடந்தாள். சின்ன வீடு. வாசலில் வலை மடித்து வைத்திருந்தது. சுக்கான் தரையில் உட்கார்ந்து ஏதோ பழைய ஸ்டவ்வைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"வாங்க அண்ணி. மழையில எங்கேருந்து?"

சின்னவள் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். துண்டு கொடுத்தாள். பிறகு மூலையிலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, முந்தானையால் துடைத்து, "உக்காருங்கக்கா" என்றாள். பெரியவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து மீன் ஆய்ந்தவர்கள். சின்னவள் அவளுக்கு ஒருநாளும் நாற்காலி போட்டதில்லை. உட்காராமல் இருந்தால் தப்பாகிவிடும் என்று உட்கார்ந்தாள்.

"கழி இழைச்சுக் கொண்டு வந்தியாமே" என்றாள், எப்படித் தொடங்குவது என்று தெரியாமல். "உங்க அண்ணன் இன்னைக்குத்தான் சொன்னாரு. எனக்குத் தெரியாம போச்சு தம்பி. தெரியாமப் பேசிட்டேன்."

"அதை ஏன் அண்ணன் இப்பப் போய்ச் சொன்னாரு?" என்று சிரித்தான் அவன். "விடுங்க அண்ணி. அண்ணன் தோள் எப்படி இருக்கு?"

"அந்தப் பக்கமாவே படுத்துத் தூங்கறாரு. கையை மேல தூக்கறாரு."

"நிசமாவா?" அவன் முகம் மலர்ந்தது. அதில் கொஞ்சம்கூட நடிப்பு இல்லை. மனைவியைத் திரும்பிப் பார்த்து, "கேட்டியா, கையைத் தூக்கறாராம்" என்றான். அந்தச் சந்தோஷத்தைப் பெரியவளால் தாங்க முடியவில்லை. அவன் திட்டியிருந்தால் பதிலுக்கு அழுதிருப்பாள். அதற்கும் இடமில்லாமல் போயிற்று.

"வந்துடு தம்பி. படகு உன்னோடதும்தானே. அந்த டிரைவரை நிறுத்தச் சொல்றேன். ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்துடுங்க."

அவன் ஸ்டவ்வின் திருகைக் கையில் வைத்து உருட்டினான்.

"வந்து நான் என்ன பண்ணட்டும் அண்ணி? சக்கரத்தைத் திருப்ப யார் வேணா போதும். நான் நின்ன இடத்துல பெட்டி இருக்கு. நானே அடிச்ச ஆணி, நல்லா இறுக்கித்தான் அடிச்சிருக்கேன்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்தான். "கோபம் எல்லாம் இல்ல. இங்கயும் பழகிடுச்சு. இந்தப் படகுக்காரர் நல்ல மனுஷன். அண்ணன் வீட்டுக்கு வர்ற அன்னைக்குச் சொல்லி அனுப்புங்க, வந்து பார்க்கறேன்."

சின்னவள் டீ கொண்டு வந்தாள். பெரியவள் குடித்தாள். தோள், மழை, மீன் வரத்து, வாடகை வீட்டின் ஒழுகல் என்று கொஞ்ச நேரம் பேசினார்கள். எல்லாவற்றுக்கும் இருவரும் மரியாதையாகப் பதில் சொன்னார்கள். வெளியே மழை விட்டிருந்தது.

எழுந்தவள் வழக்கம்போல டம்ளரைக் கழுவி வைக்கலாம் என்று அடுப்படியைப் பார்த்து நடந்தாள். சின்னவள் எதிரே வந்து அவள் கையிலிருந்து அதை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"வைங்கக்கா. நான் கழுவிக்கறேன்."

பெரியவள் சரி என்று தலையாட்டினாள். வெறுங்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் புடவையில் துடைத்துக்கொண்டு, "வரேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.